ஒன்பது ஒன்றுகளோடு நிற்பது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

111111111-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 12345678987654321. மாணவர் பகுதிகளில் அடிக்கடி அச்சாகும் இந்த பாலிண்ட்ரோம் எண்ணை (இருபுறமிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் எண்) ‘எண்களின் மாயம்’ என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். எத்தனை ஒன்றுகள் எடுத்தாலும் இப்படியே வரும் என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். அது தவறு.

தாளில் பெருக்கிப் பாருங்கள். ஒன்பது வரிகளிலும் அதே எண்தான் வரும். ஒவ்வொரு வரியும் ஓர் இடம் இடப்பக்கம் தள்ளி நிற்கும். கூட்டும்போது ஒன்றுகள் இடத்தில் ஒரு 1, பத்துகள் இடத்தில் இரண்டு, நடுவில் ஒன்பது, பிறகு எட்டு, ஏழு என்று இறங்கும். எந்த இடத்திலும் 9-ஐத் தாண்டாததால் இனமாற்றமே (அடுத்த இடத்துக்கு எண்ணைக் கொடுப்பதே) இல்லை. பத்து ஒன்றுகள் என்றால் நடுவில் 10 வந்துவிடும். 0 எழுதி 1-ஐ இடப்பக்கம் கொடுத்தால் அங்குள்ள 9 பத்தாகி மறுபடி 1-ஐத் தள்ளும். அதற்கடுத்த 8 ஒன்பதாகும். விடை 1234567900987654321. சமச்சீர் போய்விட்டது.

இதிலிருந்தே ஒரு பொது விதி கிடைக்கிறது. ஒரு பாலிண்ட்ரோம் எண்ணின் இலக்கங்களைத் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டுங்கள். தொகை 9-க்கு மேல் போகாவிட்டால் அந்த எண்ணின் வர்க்கமும் பாலிண்ட்ரோம்தான். பெருக்கலில் நடு இடத்தில் விழுவது அந்தத் தொகையே. வேறெந்த இடமும் அதைவிடப் பெரிதாகாது. 212-க்கு 4+1+4=9; வர்க்கம் 44944. 131-க்கு 1+9+1=11; வர்க்கம் 17161, உடைந்துவிட்டது.

காரணிகளும் அழகானவை. 111111111 என்பது 9 × 12345679 (8 இல்லாததைக் கவனியுங்கள்). அந்த 12345679 என்பது 37 × 333667. இரண்டுமே பகா எண்கள். ஆக, நம் பெரிய எண்ணில் 3 நான்கு முறையும் 37, 333667 இரண்டிரண்டு முறையும் வருகின்றன. வகுத்திகள் மொத்தம் 5×3×3=45. இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக உள்ள பாலிண்ட்ரோம் எதுவும் 11-ஆல் வகுபடும். இதற்கு 17 இலக்கங்கள், 11-ஆல் வகுத்தால் மீதி 1.

கணினியில் சரிபார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எக்செல் 15 இலக்கங்களோடு நிறுத்தி 12345678987654300 என்று காட்டும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் சாதாரண எண் வகையில் கடைசி 1 போய் 12345678987654320 வரும். 9007199254740992-க்கு மேல் அந்த வகையால் ஒற்றைப்படை எண் எதையும் வைத்திருக்க முடியாது. நம் எண் இருக்கும் வரம்பில் இரட்டைப்படை எண்கள் மட்டுமே அடங்கும். பைத்தானில் முழு எண்ணாகவே பெருக்கினால் 17 இலக்கங்களும் சரியாக வரும். இடையில் ஒரு தசமப்புள்ளி நுழைந்தால் அங்கும் இதே பிழைதான்.