டெல்லி மூட்டத்துக்கு ஓர் அடுப்பு மட்டுமில்லை

கிருஷ்ணகிரி
ஐப்பசி 22

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய போட்டோவில் எதிர்வீட்டு மாடியே தெரியவில்லை. "பஞ்சாப்காரங்க வயல்ல நெல் தாள் கொளுத்துறாங்க, அதான்" என்று எழுதியிருக்கிறாய். பாதிதான் சரி. அந்தத் தீ நவம்பர் கடைசிக்குள் அடங்கிவிடும். மூட்டம் ஜனவரியிலும் நிற்கும், பார்.

கொளுத்துகிறவர்களுக்கும் வேறு வழி குறைவு. நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் பஞ்சாபில் சட்டம் போட்டு நெல் நடவை ஜூனுக்குத் தள்ளினார்கள், அறுப்பும் தள்ளிப்போனது. கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரம்தான் மிச்சம். மெஷின் அறுத்த வயலில் அடித்தாள் அப்படியே நிற்கும். நம் பக்கம் வைக்கோல் கட்டு காசாகிறது. அங்கே மாட்டுக்குக் கோதுமை வைக்கோல்தான் பழக்கம்.

வண்டிப் புகை, ரோட்டுப் புழுதி, கட்டட வேலை, செங்கல் சூளை, குப்பைத் தீ, ராத்திரியில் குளிர்காயும் தீ, இதெல்லாம் உனக்கே தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. அனல்மின் நிலையத்துக் கந்தகப் புகையும் வண்டிகளின் நைட்ரஜன் ஆக்சைடும், யூரியாவும் சாணமும் விடும் அம்மோனியாவோடு கலந்து, காற்றிலேயே உப்புத் துகளாகிவிடுகின்றன. எந்தப் புகைபோக்கியிலும் இவற்றைத் துகளாகப் பார்க்க முடியாது. ஈரத்தைக் குடித்து ஊதிக்கொள்ளும். விடிகாலை மூட்டம் தடித்துத் தெரிவதில் இதற்கும் பங்குண்டு.

மார்கழியில் நம் ஊரில் அடுப்புப் புகை கூரைக்கு மேல் ஓர் ஆள் உயரம் ஏறி, அப்புறம் படுக்கைவாட்டில் பரவுமே, ஞாபகம் இருக்கிறதா? தரை குளிர்ந்து கிடக்க, அதற்கு மேலே இருக்கும் சூடான காற்று மூடி போட்டுவிடுகிறது. இங்கே வெயில் ஏறினால் மூடி திறந்துவிடும். அங்கே குளிர்காலத்து வெயிலும் மந்தம், காற்றும் மந்தம். வடக்கே இமயமலை வேறு மறித்து நிற்கிறது.

அதனால் காலை ஆறு மணி நடையை விடு. நடந்தே ஆகவேண்டுமானால் மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள் போ. செயலியில் காற்றுத் தரக் குறியீட்டு எண்ணை நம்பாதே, ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 2.5 என்கிற நுண்துகள் எத்தனை மைக்ரோகிராம் என்று பார். 60 மைக்ரோகிராமை நம் நாட்டுக் கணக்கு 100 என்று காட்டும். அமெரிக்கக் கணக்கு 150-க்கு மேல் காட்டும். காற்று ஒன்றேதான். விலை குறைந்த கருவிகள் பனித்துளியையும் தூசி என்று எண்ணிவிடும்.

துணி மாஸ்க் வீண். என்95 போட்டு, மூக்குக் கம்பியை அழுத்திவிடு. கண்ணாடியில் ஆவி படிந்தால் மேல்பக்கம் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

சுத்திகரிப்பான் வாங்க உன் ரூம் கணக்கு இது: 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி. 1,200 கன அடி, அதாவது 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுழல 170 கன மீட்டர் வேண்டும். பெட்டியில் சி.ஏ.டி.ஆர்., அதாவது மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தரும் என்ற அளவு, 200-க்குக் குறையாததாக எடு. அந்த அளவு முழு வேகத்துக்குத்தான். சத்தம் தாங்காமல் குறைத்து வைத்தால் அவ்வளவு வராது. கொஞ்சம் பெரியதாகவே வாங்கு. ஓசோன் விடும் மெஷின் வேண்டாம். உள்ளே நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியைக் கழுவாதே, இழை கெட்டுவிடும், கறுத்தால் மாற்று.

கதவடி இடுக்கில் பழைய துண்டைச் சுருட்டி வை. துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடை. சாத்திய ரூமுக்குள் கொசுவர்த்திச் சுருள் கொளுத்தினால் மெஷினுக்குக் கொடுத்த காசு வீண். கொசுவலை பார்சலில் வருகிறது.

அப்பா