புதிய ஓட்டக்காரர் பயிற்சிப் பிரிவு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொதுக்குழுவும் நிர்வாகத் தேர்தலும் விதிப்படி நடந்தேறின. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழுவில் இவ்வாண்டு அதிக நேரம் எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: புதிதாக ஓட வருகிறவர், ஏற்கெனவே ஆடிவரும் விளையாட்டை என்ன செய்வது?

நாம் பின்பற்றுவது, ஓடிப் பழகாதவர்களை 5 கிலோமீட்டர் ஓட வைக்க 1996-இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் வகுத்த முறையை ஒட்டிய 9 வாரத் திட்டம். வாரத்தில் 3 நாள் ஓட்டம். முதல் வாரம் 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி 20 நிமிடம். வேறு விளையாட்டில் ஊறியவர்களுக்கு இது சிரிப்பை வரவழைப்பது இயல்பே. ஆனால் மூச்சு தாங்குகிறது என்பதற்காகக் கால் தாங்கிவிடாது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும்; எலும்பும் தசைநாணும் பழக மாதங்கள் பிடிக்கும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு விசை காலில் இறங்குகிறது. நீச்சலிலும் சைக்கிளிலும் தேறியவர்கள் அந்த மூச்சை நம்பி வேகமெடுத்து, முன்கால் எலும்பு வலியோடு பாதியில் நின்றதை இவ்வாண்டும் பார்த்தோம். உடல்தகுதி குறைந்தவர்களைவிட இவர்களைக் கட்டுப்படுத்துவதே பயிற்றுநர்களுக்குப் பெரும்பாடு.

எனவே எந்த விளையாட்டானாலும், அது காலுக்கு எவ்வளவு அதிர்வைத் தருகிறது என்பதை வைத்தே வாரத்தில் அதற்கு இடம் ஒதுக்குகிறோம். நீச்சலையும் சைக்கிளையும் ஓட்டமில்லாத நாள்களில், பேச்சுத் தடைபடாத வேகத்தில் செய்யலாம். வலியால் ஓட்டம் தவறினால் அதே நேர அளவுக்கு சைக்கிள் மிதிக்கலாம், மிதிக்கும்போதும் வலிக்காவிட்டால்.

சிக்கல் கால்பந்திலும் பேட்மிண்டனிலும்தான். பாய்வதும் சட்டென நிற்பதும் திரும்புவதுமாக அவை காலை ஓட்டத்துக்குக் குறையாமல் வேலை வாங்குகின்றன. மாலையில் ஆட்டம், மறுநாள் காலையில் ஓட்டம் என்பது கூடவே கூடாது. வாரம் இரண்டு முறை ஆடுகிறவர் ஓட்டத்தை 2 நாளாகக் குறைத்து, 9 வாரத் திட்டத்தை 12 அல்லது 13 வாரத்துக்கு நீட்டிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தோம். கால்பந்து ஆடும் உறுப்பினர்கள் கடுமையாக ஆட்சேபித்தார்கள். ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது, தீர்மானம் மாறவில்லை.

வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைவலுப் பயிற்சி தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஸ்குவாட் எனும் உட்கார்ந்தெழும் பயிற்சியும் குதிகால் தூக்கும் பயிற்சியும் தொடக்கத்துக்குப் போதும். தசைவலி ஒன்றிலிருந்து மூன்று நாள்களுக்குள் உச்சத்தைத் தொடும் என்பதால், ஓட்டத்துக்கு முந்தைய நாள் வேண்டாம். ஓடி முடித்த அன்றே செய்துவிடுவது மேல். யோகா தாராளமாகச் செய்யலாம், ஓட்டக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள்.

இவை எல்லாவற்றையும் சேர்த்த பின்னும் வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வாக மிஞ்ச வேண்டும். ஆர்வமுள்ளவர்கள் முதலில் கைவைப்பது அந்த நாளில்தான்.

வரும் ஆண்டு முதல் பயிற்சிப் பதிவேட்டில் 'பிற விளையாட்டு' என்றொரு பத்தி சேர்க்கப்படும். அதை நிரப்பாதவருக்கு அடுத்த வார அட்டவணை தர வேண்டாம் எனப் பயிற்றுநர்கள் கேட்டிருக்கிறார்கள். அதையும் இன்றே முடிவு செய்து, இவ்வறிக்கையை ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்