கிட்டெங்கேலாவில் கிடங்கு வேண்டாம்

நைரோபி

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. புது வீட்டுக்குக் குடிபோனது, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது எல்லாம் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். மற்றதை மாலதி சுதாவுக்கு எழுதியிருப்பாள்.

சேகர் உன்னிடம் புலம்பினானாமே. விஷயம் இதுதான். நைரோபிக்குத் தெற்கே கிட்டெங்கேலா பக்கம் இடம் பிடித்துப் பெரிய கிடங்கு கட்டலாம், நான் பங்குதாரராக இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றான். வெளிநாட்டவருக்கு இங்கே நிலம் சொந்தமாகாது, அதிகபட்சம் 99 வருடக் குத்தகைதான் என்பது வரை விசாரித்து வைத்திருந்தான். அந்தக் கெட்டிக்காரத்தனம் உனக்குத் தெரியாததா! வேறு எங்கே என்றாலும் வருகிறேன், அங்கே மட்டும் வேண்டாம் என்றேன். அதற்குத்தான் இந்தக் கோபம்.

"சும்மா கிடக்கிற புல்தரைதானே" என்கிறான். சும்மா கிடக்கவில்லை முரளி. நைரோபி தேசியப் பூங்கா 1946இல் ஏற்பட்டது, மொத்தமே 117 சதுர கிலோமீட்டர். மூன்று பக்கம் வேலி, நகரம். தெற்கே, கிட்டெங்கேலா பக்கம் மட்டும் திறந்திருக்கிறது. மழைக்காலத்தில் வரிக்குதிரையும், மாட்டுச் சாயலில் இருக்கும் வில்டபீஸ்ட் மானும் அந்த வழியாகத்தான் சமவெளிக்குப் போய் மேய்ந்து குட்டி போடும், வறட்சியில் தண்ணீருக்குப் பூங்காவுக்குத் திரும்பும். 1970களின் கடைசியில் 25,000க்கு மேல் வில்டபீஸ்ட் இருந்த இடம் அது. இன்று சில ஆயிரம் இருந்தால் பெரிது. அவற்றை யாரும் சுட்டுத் தீர்த்துவிடவில்லை. மனை மனையாகப் பிரித்து வேலி போட்டார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் போனபோது ஒரு முள்கம்பி வேலியை ஒட்டி நடந்தேன். வேலியோரமாகவே குளம்பு பட்டுப் பட்டுப் புல் தேய்ந்து ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கிறது. கூட்டம் வந்து முட்டி, வழி தேடி, நீளத்துக்கும் நடந்திருக்கிறது. கடைசிக் கம்பத்துக்கு அப்பால் அடுத்தவர் வேலி.

போன மாதம் லைக்கிப்பியா மாவட்டத்தில் ஓல் பெஜேட்டா என்ற வனவிலங்குக் காப்பகத்துக்குப் போயிருந்தோம். வடக்கத்தி வெள்ளைக் காண்டாமிருகம் உலகத்திலேயே இரண்டுதான் மிச்சம். நாஜின், அவள் மகள் ஃபாட்டு. 'சூடான்' என்று பெயர் வைத்திருந்த கடைசி ஆண் 2018 மார்ச்சில் போய்விட்டது. இரண்டு பேருக்கும் இரவும் பகலும் துப்பாக்கிக் காவல். பக்கத்தில் நின்றால் அந்த அகன்ற உதடு புல்லைப் பிடுங்கும் சத்தம் கேட்கிறது, காது விளிம்பில் மயிர் தெரிகிறது. கொம்பு என்பது நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின். அதற்காக ஓர் இனமே போய்விட்டது. கருமுட்டை எடுத்து ஆய்வகத்தில் கரு வளர்க்கிறார்கள், வாடகைத் தாய்க் காண்டாமிருகத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். ஜெயிக்கட்டும். எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று யோசித்துப் பார். கென்யாவில் 1970இல் சுமார் 20,000 கறுப்புக் காண்டாமிருகங்கள் இருந்தன, 1980களின் கடைசியில் 400கூட இல்லை. காவல் போட்டார்கள், கொம்பு கடத்துகிறவர்களைத் துரத்தினார்கள், இப்போது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. 2020இல் இங்கே ஒரு காண்டாமிருகம்கூடக் கள்ள வேட்டையில் சாகவில்லை. கள்ள வேட்டைக்காரனைத் தடுக்கலாம் என்று நிரூபித்துவிட்டார்கள். சட்டப்படி பத்திரம் பதிந்து வேலி போடுகிறவனை எந்த ரேஞ்சர் தடுப்பது? அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நிலத்தை விற்கிற மசாய்க்காரர்களை, அங்கே மாடு மேய்த்து வாழ்கிறவர்களை, குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வறட்சியில் மாடு செத்துவிடும், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும், வாசலில் தரகர் நிற்பான். சிங்கம் வேறு பட்டிக்குள் புகுந்துவிடும். 2012இல் ஆடுகளைக் கொன்ற 6 சிங்கங்களை ஊர்க்காரர்கள் சேர்ந்து கொன்றார்கள். நிலத்தை வேலி போடாமல், விற்காமல் வைத்திருந்தால் ஏக்கருக்கு வருடம் 4 டாலர் என்று 2000இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள், பள்ளி திறக்கும் சமயம் பார்த்துப் பணம் கொடுத்தார்கள். நல்ல யோசனை. ஆனால் மனை விலைக்கு முன்னால் 4 டாலர் எங்கே நிற்கும்? பெரிய பணம் வந்தால்தான் அந்தப் புல்வெளி பிழைக்கும்.

"நாம் கட்டாவிட்டால் இன்னொருத்தன் கட்டுவான்" என்றான் சேகர். கட்டட்டும். அந்த இன்னொருத்தனாக நான் இருக்க மாட்டேன்.

நீ சொன்னால் கேட்பான். பக்கத்து ஊர் அத்தி ரிவரில் ஏற்றுமதி மண்டலமே இருக்கிறது, தொழிற்சாலைகளுக்கு நடுவில் வாடகைக்குக் கிடங்கு கிடைக்கும். நானே அலைந்து பார்த்துத் தருகிறேன், பங்கும் போடுகிறேன் என்று சொல்.

ஜூலையில் வருகிறேன் என்றாயே, அவனையும் இழுத்துக்கொண்டு வா. வறட்சி தொடங்கியிருக்கும், மிருகங்கள் பூங்காவுக்குத் திரும்பும் நேரம். காலை 6 மணிக்கு கேட் திறக்கும்போது நாம் அங்கே நிற்க வேண்டும். எட்டு மணிக்குப் போர்வைக்குள்ளிருந்து காபி கேட்கிற உன் பழைய கதையெல்லாம் இங்கே நடக்காது, இப்போதே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
பாலு