மண்ணெண்ணெய் விளக்கின் உதிரிபாகத் தொகுப்பு குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தங்கள் உதிரிபாகத் தொகுப்பிலிருந்த ரப்பர் வாஷர்கள் மண்ணெண்ணெயில் ஊறி உப்பியது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

என் தந்தையார் முகாம்களுக்கு எடுத்துச் சென்ற, பம்ப் அடித்து ஏற்றும் பித்தளை விளக்கு ஒன்றை, பல ஆண்டுகள் பரணில் கிடந்தபின், இந்த மாதம் பழுதுபார்க்க எடுத்தேன். எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்காததே அதன் கோளாறு. பம்பின் தோல் வாஷர் சருகாகக் காய்ந்திருந்ததால், அதை எண்ணெயில் ஊறவைத்து, விளிம்பை விரித்து மாட்டினேன். தொட்டி மூடியின் வாஷரும், பம்பின் அடியில் உள்ள வால்வின் ரப்பர் துண்டும் கல்லாக இறுகியிருந்தன. அவற்றை மாற்றுவதற்காகவே, விளக்கின் மாடலைக் குறிப்பிட்டு, தங்கள் தொகுப்பை வாங்கினேன்.

முதல் இரண்டு நாள் விளக்கு நன்றாகவே எரிந்தது. மூன்றாம் நாள் மாலை, மேண்டில் எனப்படும் வலைத் திரி வெண்மையாக ஒளிர்ந்துகொண்டிருக்கையில், முழுதும் அழுத்தி விட்டிருந்த பம்பின் கைப்பிடி தானாகவே ஒரு விரற்கடை மேலெழுந்தது. மீண்டும் அழுத்தினேன், மீண்டும் எழுந்தது. இம்முறை தண்டின் ஓரமாகக் கசிந்த மண்ணெண்ணெய் என் உள்ளங்கையை நனைத்தது. உடனே காற்றுத் திருகைத் திறந்து விளக்கை அணைத்தேன். தொட்டிக்குள் போன காற்றும் எண்ணெயும் பம்புக்குள் திரும்பாமல் தடுப்பது அந்தச் சிறிய ரப்பர் துண்டு ஒன்றுதான் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வால்வைக் கழற்றிப் பார்த்தபோது, அந்தத் துண்டு உப்பி, குழைந்து, தன் குழியை விட்டுப் பிதுங்கியிருந்தது. ஐயம் தீர, தொகுப்பில் மீதமிருந்த இன்னொரு துண்டையும், என் ஸ்டவ்வுக்காக வைத்திருந்த, எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பரால் ஆன வாஷர் ஒன்றையும் ஒரே கண்ணாடிக் குப்பியில் மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுவதும் போட்டுவைத்தேன். காலையில் நைட்ரைல் வாஷர் போட்டபடியே இருந்தது. தங்களுடையதோ நகத்தால் கிள்ளினாலே பிய்ந்துவந்தது. மண்ணெண்ணெய் தாங்காத ரப்பரை மண்ணெண்ணெய் விளக்குக்கென்றே விற்றிருக்கிறீர்கள்.

இதைத் தொலைபேசியில் தெரிவித்தபோது, விளக்கு பழையது, தொட்டிக்குள் கசடு சேர்ந்திருக்கும், புதியது வாங்கிக்கொள்ளுங்கள் என்று தங்கள் ஊழியர் சொன்னார். தொட்டியில் கசடு இருந்தால், எண்ணெய் ஆவி பீறிட்டு வரும் நிப்பிளின் துளை அடைபட்டு வெளிச்சம் மங்கும். பம்ப் கைப்பிடி எழுந்ததற்கோ, உப்பிப் பிதுங்கிய அந்தத் துண்டே காரணம். சோப்பு நீர் தடவிப் பார்த்ததில் தொட்டியின் இணைப்புகளில் ஒரு குமிழிகூட வரவில்லை. பொருளைப் பார்க்காமலேயே சொல்லப்பட்ட அந்தப் பதில், கசிவைவிட என்னை வருத்தியது.

ஆகவே, எண்ணெய் தாங்கும் ரப்பரால் ஆன வாஷர்களை எனக்கு அனுப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதைவிட முக்கியமாக, இதே தொகுப்பின் விற்பனையை உடனே நிறுத்தி, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டும். கசியும் எண்ணெய்க்கு ஒரு சாண் மேலே மேண்டில் எரிகிறது. கூடாரத்துக்குள் வைத்து ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். தொகுப்பில் உள்ள செய்முறைத் தாளில், கைப்பிடி தானாக எழுந்தால் விளக்கை உடனே அணைக்க வேண்டும் என்ற ஒரு வரிகூட இல்லை. அதையும் சேர்க்க வேண்டுகிறேன்.

உப்பிய துண்டையும், வாங்கிய ரசீதின் நகலையும், புகைப்படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்