கருவிக் குறிப்பை எழுதுவதும் பொறியாளரின் வேலையே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் இளந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் தகவல் தொழில்நுட்ப வளாகங்களிலும் நகரின் சிறு நிறுவனங்களிலும் கணினித் துறையில் பணிபுரியும் நம் இளைஞர்களில் பலர் கிளவுட் நெட்வொர்க்குகளை, அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் கணினிகளை இணைக்கும் வலையமைப்புகளை, பராமரிக்கிறார்கள். அவ்வேலையில் ஒரு பகுதியை, தாமே முடிவெடுத்துச் செயல்படும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களான ஏஐ ஏஜென்ட்டுகளிடம் ஒப்படைக்கும் முயற்சி எங்கும் நடந்துவரும் வேளையில், அவற்றின் கருவிகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது என்னும், போதிய கவனம் பெறாத ஒரு பணியைப் பற்றித் தங்கள் நாளிதழ் வழியே எழுத விரும்புகிறேன்.

ஏஜென்ட் நெட்வொர்க்கை நேரடியாகத் தொடுவதில்லை. சப்நெட்டை (நெட்வொர்க்கின் உட்பிரிவை) உருவாக்குவதற்கு ஒன்று, யாரை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் ஃபயர்வால் விதியை மாற்றுவதற்கு ஒன்று என நாம் தரும் கருவிகளின் வழியாகவே அது செயல்படுகிறது. ஆந்த்ராபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் பொது நெறிமுறையின்படி, ஒரு கருவியின் பெயர், விளக்கக் குறிப்பு, உள்ளீடுகளின் வடிவம் ஆகியவற்றைப் படித்துத்தான் அதை எப்போது பயன்படுத்தலாம் என்று ஏஜென்ட் முடிவு செய்கிறது; கருவிக்குள் இருக்கும் நிரல் பொதுவாக அதன் கண்ணில் படுவதில்லை. அப்படியிருந்தும் அந்தக் குறிப்பை எழுதும் வேலை, நிரல் முடிந்த பிறகு, பெரும்பாலும் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவரின் தலையில் விழுகிறது.

'ஃபயர்வால் விதியைப் புதுப்பிக்கும்' என்று ஒரு குறிப்பு முடிந்துவிட்டால், கொடுத்த புலம் (விதியின் ஒரு விவரம்) மட்டும் மாறுமா, கொடுக்காதவையும் சேர்ந்து மாறுமா என்பது தெரியாது. கூகுள் கிளவுட்டில் இவ்விரண்டுக்கும் தனித்தனி முறைகள் உள்ளன: பேட்ச் முறை சொன்னதை மட்டும் மாற்றும்; அப்டேட் முறை, சொல்லாமல் விட்ட புலங்களையும் சேர்த்தே மாற்றிவிடும். இந்த ஒரு வரி குறிப்பில் இல்லாததால், அனுமதிக்கப்பட்ட முகவரிகளின் பட்டியல் கலைந்துபோகக்கூடும்.

இதைவிட நுட்பமான இடம், கருவி எதைப் பார்க்காது என்பதைச் சொல்வது. அமேசான் கிளவுட்டில் நெட்வொர்க்குகளைப் பட்டியலிடும் அழைப்பு ஒரு வட்டாரத்துக்கு, அதாவது தரவு மையங்கள் அமைந்த ஒரு பகுதிக்கு, மட்டும் உரியது. மும்பை வட்டாரத்தில் கேட்டால் ஹைதராபாத்தில் இருப்பது வராது. மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் தேனி பஸ்ஸைக் காணவில்லை என்பதற்காக மதுரையிலிருந்து தேனிக்குப் பஸ்ஸே இல்லை என்று நாம் முடிவு செய்வதில்லை. ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்குப் போக வேண்டும் என்று தெரியும். ஏஜென்ட்டுக்கு அதை யாராவது எழுதி வைத்தால்தான் தெரியும். இல்லையெனில் வெறுமையான பட்டியலை நம்பி, ஏற்கெனவே வேறு வட்டாரத்தில் பயன்பாட்டில் உள்ள 10.0.0.0/16 முகவரித் தொகுதியிலேயே இன்னொரு நெட்வொர்க்கை அது உருவாக்கிவிடலாம். அன்றைக்கு எந்தப் பிழைச் செய்தியும் வராது. பின்னர் இரண்டையும் பியரிங் என்னும் நேரடி இணைப்பு முறையில் இணைக்க முயலும்போதுதான், இரண்டிலும் அதே முகவரிகள் இருப்பதால் இணைப்பு மறுக்கப்படும். அதற்குள் அவற்றின்மேல் சர்வர்கள் ஓடிக்கொண்டிருக்கும். பட்டியலின் முதல் பக்கம் மட்டுமே வருகிறதா, அனுமதியில்லாதவை சொல்லாமல் விடப்படுகின்றனவா என்பவையும் இவ்வாறே எழுதப்பட வேண்டியவை.

ஏஜென்ட்டுக்குத் தரும் அனுமதிகளை இறுக்கினால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். இறுக்கத்தான் வேண்டும். ஆனால் செய்ய அனுமதியுள்ள செயலை எந்தச் சூழலில் செய்யக்கூடாது என்பதை அனுமதிப் பட்டியல் சொல்லாது. மேற்சொன்ன நெறிமுறையில், 2025 மார்ச் பதிப்பிலிருந்து, 'படிக்க மட்டும்', 'அழிக்கக்கூடியது' போன்ற அடையாளங்களைக் கருவிக்கு இடலாம். அவையும் எழுதுபவரின் நேர்மையைப் பொறுத்தவையே. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியது. அதன் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கின் கொள்திறனை மதிப்பிடும் நோக்கில் இடப்பட்ட கட்டளையே இணைப்புகளைத் துண்டித்தது; அதைத் தடுத்திருக்க வேண்டிய தணிக்கைக் கருவியிலும் பிழை இருந்தது. அன்று கட்டளையிட்டது ஏஐ அல்ல, மனிதர்தான். எனினும், மதிப்பிடுவதாகச் சொல்லும் ஒரு கருவி வேறென்ன செய்யக்கூடும் என்பதை எழுதிவைப்பதன் அவசியத்துக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

நெட்வொர்க்கை அறிந்த மூத்த பொறியாளரே குறிப்பை எழுத வேண்டும்; நிரலைச் சரிபார்ப்பது போல அதையும் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். மதுரை வட்டாரப் பொறியியல் கல்லூரிகள் இறுதியாண்டுத் திட்டப் பணியில் இதற்கென மதிப்பெண் ஒதுக்கலாம். நிரலைக் காட்டாமல் குறிப்பை மட்டும் வேறொரு மாணவரிடம் கொடுத்து, இந்தக் கருவியை இயக்கினால் எது மாறும், எது மாறாது, தவறினால் எப்படித் திரும்புவது என்று கேட்டு, அவர் சொல்லும் விடையைக் கொண்டு எழுதியவருக்கு மதிப்பெண் இடலாம்.

இப்படிக்கு,
நெட்வொர்க் பொறியாளர் ஒருவர்,
மதுரை.