பேசுவதற்கு ஓர் இடம் வேண்டாமா?

ஐயா,

இந்த 2020 கொரோனா ஊரடங்கால் மன உளைச்சலில் தவிப்போருக்குக் காணொளி வழியே உளவியல் ஆலோசனை வழங்கப்படுவதாகத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். வரவேற்கத்தக்க முயற்சிதான். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு பேச எல்லோர் வீட்டிலும் தனியறை இருக்கிறது என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள் போலும். எங்கள் வியாசர்பாடியில் ஓர் அறையில் ஐந்து பேர் வாழும் வீடுகள் ஏராளம். எதிர்வீட்டுப் பெண் ஆலோசகரிடம் பேசுவதற்காகத் துணி உலர்த்தும் சாக்கில் மொட்டை மாடிக்குப் போவார். குடிநீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, முகம் காட்டாமல், குரலைத் தாழ்த்திப் பத்து நிமிடம் பேசுவார். படிக்கட்டில் காலடி கேட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார். மறுபடி அழைத்தால் வேறோர் ஆலோசகர். கதையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாம் முறை அவர் அழைக்கவே இல்லை.

2020 மார்ச் 25 அன்று வெளியான, மருத்துவர்களுக்கான தொலை மருத்துவ வழிகாட்டுதல்கள் காணொளியோடு குரல், எழுத்து வழி ஆலோசனையையும் அனுமதிக்கின்றன. தேசிய மகளிர் ஆணையமும் ஏப்ரலில் குடும்ப வன்முறைப் புகார்களுக்கென வாட்ஸ்அப் எண் ஒன்றை அறிவித்தது. வாய்விட்டுப் பேச முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்பது அங்கே புரிந்திருக்கிறது. ஆலோசனை மையங்களும் எழுத்து வழி உரையாடலுக்கு இடம் தரலாம். அழைப்பவர் குறிப்பிடும் நேரத்தில் அதே ஆலோசகரே திரும்ப அழைக்கவும், “இப்போது பேச முடியுமா?” என்று முதலில் கேட்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒரு வாசகி,
வியாசர்பாடி, சென்னை