ஜவ்வாது மலைக்குச் சாகசம் வரட்டும், ஃபோகஸ் லைட் வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த ஜவ்வாது மலை சாகசச் சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். ஏற்காட்டுக்கும் ஏலகிரிக்கும் கிடைக்கிற கவனத்தில் கால்வாசிகூட எங்கள் மலைக்குக் கிடைப்பதில்லை என்ற ஆதங்கம் அடிவாரத்துக்காரர்களுக்கு நெடுநாளாக உண்டு. அதனால் தலைப்பைப் பார்த்ததும் மகிழ்ச்சிதான். பின்பாதிக்கு வந்தபோதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. ஜிப்லைன் (கம்பியில் தொங்கிப் பாய்கிற விளையாட்டு) வரலாம், நாலு சக்கர பைக் ஓட்டலாம், மலை முகட்டில் விடிய விடிய விளக்கொளியில் கேம்ப் போட்டு டி.ஜே. வைக்கலாம் என்று ஆலோசனைகளை அடுக்கியிருந்தார் கட்டுரையாளர். ஜிப்லைன் பற்றி எனக்குப் பெரிய சண்டை இல்லை. பைக் சத்தத்தைப் பற்றிக் கரடிகள் கடிதம் எழுதினால் நீங்கள் பிரசுரிப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் எழுத வந்தது அந்த விளக்குகளைப் பற்றி.

ஆலங்காயத்திலிருந்து மலை ஏறும் சாலையில் காவலூர் இருக்கிறது. கட்டுரையில் அதற்கு ஒரே வரி: “அருகில் ஒரு தொலைநோக்கியும் உண்டு.” ஏதோ கடற்கரையில் காசு கொடுத்து எட்டிப் பார்க்கிற குழாயைப் போல! அது இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம். அதை நிறுவிய வானியலாளர் வைணு பாப்பு இந்த இடத்தைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. நிலநடுக்கோட்டிலிருந்து பன்னிரண்டரை டிகிரி வடக்கே இருப்பதால், வட வானத்தோடு தென் வானத்தின் பெரும்பகுதியும் இங்கிருந்து தெரியும். அப்புறம், சுற்றிலும் காடு. காட்டுக்குள் நல்ல இருட்டு. 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு வேலையைத் தொடங்கினார்கள். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. வந்த ஆண்டே, வியாழனின் துணைக்கோளான கனிமீடைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான தடயம் அதில் சிக்கியது. 1977 மார்ச்சில் யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டு என்று தெரியவந்ததே, அந்த நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988இல் இங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள். பெரிய தொலைநோக்கியின் 2.34 மீட்டர் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில். 1986இல் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது பாப்பு உயிரோடு இல்லை, 1982இலேயே காலமாகிவிட்டார். இன்றைக்கும் வானம் தெளிந்த இரவுகளில் அங்கே வேலை நடக்கிறது.

இப்படி ஓர் இடத்துக்கு எதிர் முகட்டில் ஃபோகஸ் லைட் போட்டால் என்ன ஆகும்? விளக்கு தொலைநோக்கியைப் பார்த்துத்தான் எரிய வேண்டும் என்பதில்லை. மேலே போகிற வெளிச்சம் தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி, வானம் முழுக்க ஒரு வெளிறல் படர்ந்துவிடும். மங்கலான நட்சத்திரங்கள் அதற்குள் காணாமல் போகும். இப்போது எல்லோரும் வாங்குகிற பளீர் வெள்ளை எல்.இ.டி. விளக்குதான் இதில் மோசம். அதில் நீல ஒளி அதிகம், நீலம் மற்ற நிறங்களைவிடக் கூடுதலாகச் சிதறும். பகல் வானம் நீலமாகத் தெரிவதற்கும் அதுதானே காரணம். இரண்டு பக்கமும் அடிவார ஊர்கள் வளர்ந்து வளர்ந்து அடிவானம் ஏற்கெனவே மஞ்சள் பூத்துக் கிடக்கிறது. மிச்சமிருக்கிற இருட்டையாவது மலை மேலேயே நாம் கெடுக்காமல் இருக்கலாமே.

போன மாசி மாதம், ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், சாமை அறுத்த கொல்லையில் உட்கார்ந்திருந்தோம். கூட்டிப்போன மலையாளித் தம்பி (கேரளம் இல்லை, இந்த மலையின் பழங்குடி) டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தார். இருட்டுக்குக் கண் பழகச் சுமார் அரை மணி நேரம் ஆகும். வெள்ளை வெளிச்சம் ஒரு நொடி பட்டாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிவப்பு அவ்வளவாகக் கெடுக்காது. கண் பழகியதும் ஆளுக்கு ஆள் பேச்சு நின்றுபோனது. தெற்கே அகத்திய நட்சத்திரம் கொழுத்து நின்றது. நள்ளிரவு தாண்டினால் தென்சிலுவை மேலே வரும் என்று காத்திருந்தோம். அந்த நேரம் பார்த்து, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் கேம்ப்பில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். கம்பத்தில் கட்டியிருந்த விளக்குகள் எங்கள் கொல்லையில் நிழல் விழும் அளவுக்கு எரிந்தன. அங்கே இருந்தவர்கள் நட்சத்திரம் பார்க்கப் பணம் கட்டி வந்தவர்கள் என்று மறுநாள் கேள்விப்பட்டேன். கொடுமை!

சாகசமே வேண்டாம் என்கிற கட்சியல்ல நான். உயரத்தில் ஊட்டி, கொடைக்கானலோடு இந்த மலை போட்டி போட முடியாது. காவலூரே 725 மீட்டர்தான். ஆனால் நடக்கிறவர்களுக்கு இது நல்ல மலை. சரிந்த பாறையின் மேல் காய்ந்த சருகு மூடிக் கிடக்கும். கால் வைத்தால் சறுக்கும். குச்சியால் சருகைத் தள்ளிவிட்டுத்தான் அடுத்த அடி. மழை முடிந்த கையோடு போனால் பீமன் அருவியில் தண்ணீர் இருக்கும், பாறையில் பாசியும் இருக்கும். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் மலைப்பாதையில் சைக்கிள் மிதித்துப் பாருங்கள், ஜிப்லைன் கேட்க மாட்டீர்கள். பாறை ஏறுகிறவர்களுக்குப் பாறைகள், தொல்லியல் பிடித்தவர்களுக்குக் கற்திட்டைகள், ஒன்றுமே செய்யப் பிடிக்காதவர்களுக்குக் கோமுட்டேரியில் படகு.

இந்த மலைநாட்டுக்கு வழிகாட்டிக் குறிப்பு எழுதும் வழக்கமும் புதிதல்ல. அடிவாரத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனிடம் போகிற கூத்தர்களுக்கு மலைபடுகடாம் வழி சொல்கிறது. தினைப்புனத்துப் பரணிலிருந்து யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், மரத்தின் பின்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்கிறது. ஆழமான குட்டையின் ஓரம் பாசி வழுக்கும், எருவை என்கிற நாணல் வகைக் கோலைப் பிடித்துக்கொண்டு கடந்து போங்கள் என்கிறது. உங்கள் கட்டுரையாளரின் குறிப்புகளைவிட இது எனக்கு உருப்படியாகப் பட்டது. (கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

இன்னொரு விஷயமும் கட்டுரையில் இல்லை. கேம்ப் போடுகிறவர் வெளியூர், சமைக்கிறவர் வெளியூர். மலைக்காரருக்கு விறகு சுமக்கிற வேலை. இந்த மலையின் ஆண்கள் பிழைப்புக்காக எங்கெல்லாம் போகிறார்கள் என்பது ஊரறிந்தது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திரப் போலீஸ் சுட்டதில் இறந்த இருபது பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். உள்ளூரிலேயே கௌரவமான கூலி கிடைக்கிற வேலை என்பது இங்கே சும்மா பேச்சில்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, பாதைக்கு அருகில் வாழும் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாகச் சேர்த்தது. அந்த வழியை இரவு வானத்துக்கும் நீட்டலாம். லடாக்கின் ஹன்லேயில் இதைச் செய்தே காட்டிவிட்டார்கள். 2022இல் அங்கே இருண்ட வானக் காப்பகம் அறிவித்து, கிராமத்து ஆண்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்து, வருகிற பயணிகளுக்கு வானம் காட்டுகிறவர்களாக ஆக்கினார்கள். அந்தத் திட்டத்தின் பின்னால் இருப்பதும் காவலூரை நடத்துகிற அதே நிறுவனம்தான். நம் மாநிலத்திலேயே கொல்லிமலைக்கு இருண்ட வானப் பூங்கா அறிவித்தார்கள். ஐம்பது ஆண்டுக்கு மேல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஜவ்வாது மலை எப்படி விட்டுப்போனதோ தெரியவில்லை.

காலக்கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததிலிருந்து தை வரை நடக்க ஏற்ற காலம். மாசி பிறந்தால் காடு காய்ந்து தீப்பருவம் வந்துவிடும். குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதங்களில் காட்டுப் பாதைகளை மூடுவது நியாயமே. ஆனால் வானம் மிகத் தெளிவாக இருப்பதும் அப்போதுதான். காட்டுக்குள் கால் வைக்காமல், கேம்ப் ஃபயர் மூட்டாமல், ஊர்க் கொல்லையில் பாய் விரித்து வானம் பார்க்கலாம். ஹோம்ஸ்டே வைத்திருக்கிற குடும்பத்துக்கும் வருமானம் நிற்காது.

ஆகவே மாவட்ட நிர்வாகத்துக்கும் வனத்துறைக்கும் உங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள். மலை மேல் கேம்ப்புக்கும் ரிசார்ட்டுக்கும் அனுமதி தரும்போது விளக்குக்கும் நிபந்தனை போடுங்கள். மேலே வெளிச்சம் போகாதபடி மூடி, மஞ்சள் நிறம், தேவையில்லாத நேரத்தில் அணைப்பு. இதற்குப் பெரிய செலவில்லை. தெருவிளக்குகளையும் அப்படியே மாற்றலாம். அனுமதி இல்லாத கேம்ப்புகளை என்ன செய்வது என்று அவர்களுக்கே தெரியும்.

கடைசியாக ஒரு திருத்தம். வானாய்வகத்தை “எந்த நாளும் பார்க்கலாம்” என்று கட்டுரையில் இருந்தது. பொதுமக்களுக்குச் சனிக்கிழமை மட்டும்தான். இரவில் வானம் பார்ப்பதும் மேகம் இல்லாவிட்டால் மட்டுமே. கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கேட் வரை வந்து திரும்பிய ஒரு குடும்பத்தை நானே பார்த்தேன். அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆலங்காயம்.